உடம்பு கனமா இருக்குற பெரியவங்களுக்கு தசை எவ்வளவு இருக்குன்னு கணிக்கிறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

கும்பகோணம், மன்னார்குடி, நன்னிலம் பக்கம் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் திண்ணைல ஒரு அப்பாயியோ அம்மாயியோ உக்காந்திருப்பாங்க, கொஞ்சம் கனத்த உடம்பு, சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, முட்டிக்கு ஒரு தைலம். "அவங்களுக்கு என்ன, உடம்புல நல்லா சதை இருக்கு, தெம்பாத்தான் இருக்காங்க"ன்னு வீட்ல சொல்லுவாங்க. அதே அப்பாயி கல்யாண வீட்ல பந்தில தரைல உக்காந்துட்டா எழுப்பி விட ரெண்டு பேரு வேணும், டவுன் பஸ் முதல் படி ஏற கண்டக்டர் கை குடுக்கணும். உடம்பு பெருசு, ஆனா உள்ள தசை குறைஞ்சு போச்சு, கொழுப்பு மேல மூடியிருக்குறதால கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான் விஷயம்.

டாக்டருங்க இத சார்கோபீனிக் ஒபிசிட்டின்னு சொல்லுவாங்க. வயசாகி தசையும் பலமும் குறையுறதுக்கு வச்ச சார்கோபீனியாங்கிற பேரே 1980கள் கடைசிலதான் வந்துச்சு, இர்வின் ரோசன்பெர்க்னு ஒரு அமெரிக்க டாக்டர் வச்சது. ஒல்லியா இருக்குற பெரியவருக்கு தசை குறைஞ்சா யாரு வேணாலும் பாத்தவுடனே சொல்லிடலாம், கை கால் குச்சியா இருக்கும். குண்டா இருக்குறவங்ககிட்டதான் அளவுகோல் எல்லாமே ஏமாத்தும், டேப் ஏமாத்தும், தராசு ஏமாத்தும், சில நேரம் பெரிய மெஷின் கூட ஏமாத்தும். அதனால எது எங்க ஏமாத்தும்னு தெரிஞ்சுகிட்டு அளக்கணும், அதுக்குத்தான் இத எழுதுறேன். வீட்ல பெரியவங்கள பாத்துக்கிறவங்க, கிராமத்துல கேம்ப்ல நிக்குற தன்னார்வலர் புள்ளைங்க, புதுசா பிசியோதெரபி படிக்கிறவங்க எல்லாருக்கும் ஆகும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், இது கணிப்பு. வீட்ல பாத்துட்டு "உங்களுக்கு இந்த வியாதி"ன்னு பெரியவங்ககிட்ட சொல்லிப் பயமுறுத்தாதீங்க.

என்னென்ன வேணும்

தையல்காரர் வச்சிருக்குற இஞ்ச் டேப் ஒண்ணு, ஒரு பக்கம் சென்டிமீட்டர் போட்டது. ரொம்ப வருஷம் பழசானது இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும், ஒரு ஸ்கேல் பக்கத்துல வச்சு சரி பாத்துக்குங்க. எடை பாக்குற மெஷின். கை இல்லாத சேர், இல்ல கை உள்ள சேரா இருந்தாலும் பரவால்ல, கைய பிடிக்க விடக்கூடாது அவ்வளவுதான், உக்காருற உயரம் 43லேந்து 45 சென்டிமீட்டர் இருந்தா நல்லது. திண்ணைய வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையும் ஒவ்வொரு உயரம். போன்ல ஸ்டாப்வாட்ச் இருக்கும். ஒரு நோட்டு.

எப்ப அளக்கிறதுன்னா காலைல, வெளிக்குப் போயிட்டு வந்து, டிபனுக்கு முன்னாடி. சாயங்காலம் வேணாம், நாள் பூரா கால் தொங்க உக்காந்திருந்தா தண்ணி இறங்கி கெண்டைக்கால் வீங்கிடும், வயலுக்குப் போயிட்டு வந்த அன்னிக்கும் அப்படித்தான்.

முதல்ல கேள்வி, அப்புறம்தான் டேப்

சார்க்-எஃப்னு 5 கேள்வி இருக்கு, உலகம் பூரா கேக்குறாங்க. நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி கேட்டா இப்படி வரும்: 5 கிலோ அரிசிப் பைய தூக்க சிரமமா இருக்கா (ஒரிஜினல்ல நாலரை கிலோ), வீட்டுக்குள்ள ஒரு அறையக் கடந்து நடக்க சிரமமா, சேர்லேந்தோ கட்டில்லேந்தோ எழ சிரமமா, 10 படி ஏற சிரமமா, போன ஒரு வருஷத்துல எத்தன தடவ விழுந்தீங்க. முதல் நாலுக்கும் சிரமம் இல்லன்னா 0, கொஞ்சம்னா 1, ரொம்பன்னா இல்ல முடியவே முடியாதுன்னா 2. விழுந்ததுக்கு மட்டும் ஒண்ணும் இல்லன்னா 0, 1லேந்து 3 தடவன்னா 1, 4 தடவயோ அதுக்கு மேலயோன்னா 2. மொத்தம் 10க்கு 4 வந்தாலே மேற்கொண்டு பாக்கணும்.

கேக்குறதுலதான் சூட்சுமம் இருக்கு. நம்ம பெரியவங்ககிட்ட "சிரமமா இருக்கா"ன்னு நேரா கேட்டா "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்"னுதான் வரும், அதும் மருமக பக்கத்துல நின்னா கேக்கவே வேணாம். அதனால வேற மாதிரி கேளுங்க. "அப்பாயி, ரேஷன் அரிசி இப்ப யாரு தூக்கிட்டு வர்றா?", "மாடில வத்தல் காயப்போட இந்த வருஷம் ஏறினீங்களா?", "கோயிலுக்குப் போனா பிரகாரம் சுத்துறீங்களா, இல்ல வாசல்லயே கும்பிட்டுட்டு வந்துடுறீங்களா?" இப்படிக் கேட்டா உள்ளது தானா வெளில வரும். விழுந்தத சொல்லவே மாட்டாங்க, "கொல்லைல வழுக்குச்சு"ன்னு சொல்லுவாங்க, அதும் விழுந்ததுதான், கணக்குல சேத்துக்குங்க.

இந்தக் கேள்விக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கு. நெறைய பேர விட்டுடும். இன்னொண்ணு, முட்டி தேஞ்சு போனவங்களுக்கு தசை நல்லா இருந்தாலும் மார்க் ஏறிடும். அதனால "வலியால முடியலையா, பலம் இல்லாம முடியலையா"ன்னு தனியா ஒரு வார்த்தை கேட்டு நோட்டுல எழுதிக்குங்க.

சேர் டெஸ்ட்

இத நான் டேப்புக்கு முன்னாடி வைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. வயசாக ஆக தசையோட அளவு குறையுற வேகத்த விட பலம் குறையுற வேகம் ஜாஸ்தி. தசை இருக்குற எடத்துலயே கொழுப்பு ஊடுருவி உக்காந்துக்கும், ஆட்டுக்கறில செவப்புக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா கோடு ஓடும் பாத்திருப்பீங்கல்ல அந்த மாதிரி, அளவுல கொறையாது, ஆனா வேலை செய்யாது. அதோட கனமா இருக்குறவங்க எழுந்திரிக்கும்போது தன் எடையத்தான தூக்குறாங்க, 80 கிலோ உடம்பத் தூக்க கால்ல அதுக்கு ஏத்த தசை இருக்கான்னு இந்த டெஸ்ட் நேரா கேக்குது.

சேர செவுத்துல ஒட்டிப் போடுங்க, பிளாஸ்டிக் சேர்னா கீழ வழுக்காத மாதிரி பாத்துக்குங்க, மொசைக் தரைன்னா ஒரு சாக்கு போட்டாக்கூட நல்லது. பெரியவங்க கைய மார்ல குறுக்கக் கட்டிக்கணும். "ரெடி"ன்னு சொன்னதும் முழுசா எழுந்து முழுசா உக்காந்து, கைய ஊனாம, முடிஞ்ச வேகத்துல 5 தடவ. அஞ்சாவது தடவ நிமுந்து நின்னதும் வாட்ச நிறுத்துங்க. பக்கத்துல ஒருத்தர் கண்டிப்பா நிக்கணும். புடவை கால்ல தட்டாம கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கச் சொல்லுங்க, கைலின்னா மடிச்சுக் கட்டிக்கட்டும்.

ஆசியாக்காரங்களுக்குன்னு ஏடபிள்யூஜிஎஸ்னு ஒரு குழு 2019ல வச்ச அளவுப்படி 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா குறைவுன்னு அர்த்தம். ஐரோப்பாக்காரங்க 15 செகண்ட்னு வச்சிருக்காங்க, நமக்கு 12ஏ இருக்கட்டும். கை ஊனாம ஒரு தடவகூட எழ முடியலன்னா செகண்ட் எழுத வேணாம், "கை இல்லாம முடியல"ன்னு எழுதுங்க, அதுவே பெரிய தகவல்.

கூடவே நடை. வாசல்லேந்து கொல்லை வரைக்கும் நீளமான வீடுன்னா வசதி, 6 மீட்டர் அளந்து சாக்பீஸால ரெண்டு கோடு போடுங்க, கோட்டுக்கு கொஞ்சம் முன்னாடியே நடக்க ஆரம்பிச்சு கோட்டத் தாண்டியும் நடக்கணும், எப்பவும் நடக்குற வேகம்தான், ஓட்டப்பந்தயம் இல்ல. 6 மீட்டருக்கு 6 செகண்டுக்கு மேல ஆனா மெதுன்னு கணக்கு.

கைப்பிடி பலம் அளக்குற டைனமோமீட்டர் பிசியோதெரபி பாக்குற எடத்துல இருக்கும். ஆம்பளைங்களுக்கு 28 கிலோவுக்குக் கீழ, பொம்பளைங்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ போனா பலம் குறைவு. ரெண்டு கையிலயும் ரெண்டு தடவயாவது அமுக்கச் சொல்லி இருக்குறதுலயே பெரிய நம்பர எடுத்துக்குங்க. அந்தக் கருவி இல்லாம வீட்ல வேற எதையாச்சும் பிழிஞ்சு பாத்து கணக்கு போடாதீங்க, அது வேலைக்கு ஆகாது.

எடை, உயரம், இடுப்பு

இது சுருக்கமா. பிஎம்ஐன்னா கிலோவ மீட்டர்ல உள்ள உயரத்தோட வர்க்கத்தால வகுக்கிறது. நம்ம ஊர் ஆளுங்களுக்கு 23லேந்தே எடை ஜாஸ்தி, 25லேந்து பருமன்னு இந்திய டாக்டருங்க 2009லயே சொல்லிட்டாங்க, ஏன்னா அதே பிஎம்ஐல வெள்ளைக்காரங்களுக்கு இருக்குறத விட நமக்கு கொழுப்பு ஜாஸ்தி, தசை கம்மி. இடுப்புச் சுத்தளவுக்கு எல்லை ஆம்பளைங்களுக்கு 90, பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவுல, மூச்ச சாதாரணமா விட்டு முடிஞ்சப்ப அளக்கணும். பாவாடை நாடா கட்டுற எடத்துல அளக்குறவங்க நெறைய பேரு, அது தப்பு, நாடா ரொம்ப கீழ இருக்கும்.

உயரத்துல ஒரு கவனம். முதுகு கூன் விழுந்திருந்தா உயரம் கொறஞ்சு காட்டும், பிஎம்ஐ பொய்யா ஏறும். அப்ப வாலிபத்துல எவ்வளவு உயரம்னு ஏதாவது பழைய சர்டிபிகேட்ல இருந்தா அதையும் பக்கத்துல எழுதி வச்சுக்குங்க.

கெண்டைக்கால் டேப்: இங்கதான் ஏமாறுவோம்

கெண்டைக்கால் சுத்தளவு உடம்போட மொத்தத் தசைக்கு ஒரு நல்ல அடையாளம், கொழுப்பு அங்க கொஞ்சம் கம்மியா சேரும்னு அதத் தேர்ந்தெடுத்தாங்க. உக்காந்த நிலைல, பாதம் தரைல முழுசா பதிஞ்சு, முட்டி நேர் கோணத்துல மடங்கியிருக்கணும். டேப்ப மேலயும் கீழயும் நகத்தி நகத்தி எங்க இருக்குறதுலயே அகலமோ அங்க நிறுத்துங்க, தோல அமுக்கக் கூடாது, தொளதொளன்னும் விடக் கூடாது. ரெண்டு காலையும் அளந்து பெருசா உள்ளத எடுத்துக்கணும். ஆம்பளைங்களுக்கு 34, பொம்பளைங்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழ வந்தா தசை குறைவா இருக்கலாம்னு 2019 ஆசியக் கணக்கு.

ஜப்பான்ல விரல் வளையம்னு ஒரு வேடிக்கையான வழி வச்சிருக்காங்க, ரெண்டு கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்து வளையம் மாதிரி கெண்டைக்கால சுத்திப் பிடிக்கிறது. வளையத்துக்குள்ள கால் லூசா நின்னா ஆபத்து. ஒல்லியானவங்களுக்கு சரி. கனமா உள்ளவங்களுக்கு வளையம் எட்டவே எட்டாது, உடனே "ஆகா நமக்குத் தசை நெறைய"ன்னு சந்தோஷப்பட்டுட்டா போச்சு.

கனமா உள்ளவங்களுக்கு டேப் சொல்ற நம்பர்லேந்து கழிக்கணும். 2021ல கொன்சாலெஸ்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் அமெரிக்க ஜனங்களோட பெரிய சர்வே கணக்கு ஒண்ண வச்சு இதுக்கு வழி சொன்னாங்க: பிஎம்ஐ 25லேந்து 29.9க்குள்ள இருந்தா 3 சென்டிமீட்டர் கழி, 30லேந்து 39.9ன்னா 7 கழி, 40க்கு மேலன்னா 12 கழி. கழிச்ச அப்புறம் 34, 33ஓட ஒப்பிடு.

போட்டுப் பாப்போம். ஒரு அம்மா, உயரம் 150 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. 1.5 இன்ட்டு 1.5 வந்து 2.25, 72ஐ 2.25ஆல வகுத்தா பிஎம்ஐ 32. கெண்டைக்கால் 37 சென்டிமீட்டர். சும்மா பாத்தா 33க்கு 37, ஒரு குறையும் இல்ல. 7 கழிச்சா 30, மூணு சென்டிமீட்டர் கீழ போயிடுச்சு. அந்த அம்மா சேர் டெஸ்ட்டும் 16 செகண்ட் எடுத்தாங்கன்னு வைங்க, ரெண்டும் ஒரே கதையத்தான் சொல்லுது, இதுக்கு மேல யோசிக்காம அடுத்த கட்டத்துக்குப் போயிடலாம்.

ஆனா இந்தக் கழித்தலையும் கண்ண மூடிட்டு நம்பாதீங்க. பிஎம்ஐ 29.8 உள்ளவருக்கு 3, 30.1 உள்ளவருக்கு 7னா ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கிலோ வித்தியாசம்கூட இருக்காது, கணக்கு 4 சென்டிமீட்டர் தாவுது. எல்லைக்கோட்டுல நிக்குறவங்களுக்கு ரெண்டு மாதிரியும் போட்டு ரெண்டையும் எழுதுங்க. அதோட அது அமெரிக்க உடம்பு, நம்ம உடம்புல 24 பிஎம்ஐலயே கொழுப்பு இருக்கும், அதனால 23லேந்து 25க்குள்ள உள்ளவங்களுக்கு கழிக்கலன்னாலும் சேர் டெஸ்ட்ட கூடுதலா நம்புங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

அடுத்து வீக்கம், டெல்டால இத விட்டுட்டு அளக்கவே கூடாது. முன்கால் எலும்பு மேல கட்டைவிரலால கொஞ்ச நேரம் அழுத்தி எடுங்க, குழி விழுந்தா நீர் இருக்கு, டேப் நம்பர் செல்லாது. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுறவங்களுக்கு கணுக்கால் வீங்கும், ரொம்ப சகஜம். இதயம், கிட்னி, லிவர் பிரச்சனை உள்ளவங்களுக்கும் வீங்கும். அப்புறம் கும்பகோணம் சுத்துவட்டாரத்துல பழைய ஆளுங்க பல பேருக்கு யானைக்கால் இருந்த காலம் உண்டு, வெளிய பெருசா தெரியாத ஆரம்ப வீக்கத்தோட இன்னிக்கும் பெரியவங்க இருக்காங்க, கூச்சத்துல சொல்ல மாட்டாங்க, புடவைய கீழ இறக்கி விட்டுக்குவாங்க. ஒரு கால் மட்டும்னா நல்ல கால அளந்துக்குங்க, ரெண்டும்னா கெண்டைக்கால் அளவையே விட்டுடுங்க. "அம்மாயி, கால்ல முன்ன எப்பவாச்சும் காய்ச்சலோட நெறி கட்டி வீங்குச்சா"ன்னு மெதுவா தனியா கேளுங்க. நரம்பு சுருட்டி உள்ளவங்களுக்கும் இதே ஜாக்கிரதை. திடீர்னு ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா அளக்க உக்காராதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க, உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம்.

நெட்ல கிடைக்குற ஃபார்முலா

எடை, உயரம், வயசு போட்டா தசை எத்தன கிலோன்னு சொல்ற கால்குலேட்டர் நெறைய இருக்கு. பல இதுக்கும் மூலம் 2000ல லீ குழு போட்ட சமன்பாடு. எடைய 0.244ஆல பெருக்கு, மீட்டர்ல உயரத்த 7.8ஆல பெருக்கு, ரெண்டையும் கூட்டு, ஆம்பளைன்னா 6.6 கூட்டு, வயச 0.098ஆல பெருக்கிக் கழி, ஆசியாக்காரர்னா 1.2 கழி, கடைசியா 3.3 கழி.

68 வயசு அம்மா, 1.52 மீட்டர், 70 கிலோன்னா 17.8 கிலோ தசைன்னு வரும். சரி, அதே அம்மா உக்காந்த எடத்துலயே சில மாசம் இருந்து 10 கிலோ கொழுப்பு ஏத்திக்கிட்டாங்கன்னு வைங்க. ஃபார்முலா என்ன சொல்லும் தெரியுமா, 20.2 கிலோ தசைன்னு சொல்லும்! ஏறுற ஒவ்வொரு கிலோலயும் கால் கிலோ தசைன்னு அதுக்கு நெனப்பு. லீ குழு மேல தப்பு இல்ல, பருமன் இல்லாதவங்கள வச்சுப் போட்ட கணக்கு அது, நம்மதான் பொருந்தாத எடத்துல கொண்டு போய் வைக்கிறோம். கனமான பெரியவங்களுக்கு எடைய மட்டும் வச்சுக் கணிக்கிற எந்த ஆப்பையும் நம்பாதீங்க.

மெஷின்

ஏறி நின்னா கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவுன்னு சொல்ற மெஷின் இப்ப ஜிம்ல, கேம்ப்ல, ஆன்லைன்ல எல்லாம் இருக்கு. கொஞ்சூண்டு மின்சாரத்த உடம்புக்குள்ள விட்டு எவ்வளவு தடை இருக்குன்னு பாக்கும், தண்ணி உள்ள தசை வழியா சுலபமா போகும், கொழுப்பு தடுக்கும். அதனால அது அளக்குறது தண்ணியத்தான், தசைய அது ஊகிக்குது. கால்ல நீர் கட்டியிருந்தா தசை ஜாஸ்தின்னு காட்டும். சித்திரை வெயில்ல வேர்த்து வறண்டு போய் ஏறி நின்னா தசை கம்மின்னு காட்டும். வெறுங்கால்லயே வரப்புல நடந்து நடந்து பாதம் காஞ்சு பித்தவெடிப்போட இருந்தா மின்சாரம் சரியா ஏறாது, ஈரத்துணியால நல்லா துடைச்சுட்டு ஏத்துங்க.

கால்ல மட்டும் தகடு உள்ள வீட்டு மெஷின் ஒரு கால்ல ஏறி இன்னொரு கால்ல இறங்குற மின்சாரத்த மட்டும்தான் பாக்குது, வயித்துல இருக்குறதெல்லாம் குத்துமதிப்பு. கையிலயும் பிடிக்கிற மாதிரி எட்டு எலக்ட்ரோடு உள்ளது அத விட தேவலாம். எதுவா இருந்தாலும் பருமன் உள்ளவங்களுக்கு இந்த மெஷின் கொழுப்ப கொறச்சு தசைய கூட்டித்தான் காட்டப் பாக்கும். பேஸ்மேக்கர் வச்சவங்கள ஏத்தவே கூடாது.

டெக்ஸா ஸ்கேன் அடுத்த படி. எக்ஸ்ரேதான், ரொம்பக் கொஞ்ச கதிர். டெக்ஸான்னு சொன்னதும் எலும்பு தேய்மானத்துக்கு இடுப்பையும் முதுகையும் மட்டும் எடுத்து அனுப்பிடுவாங்க, அதுல தசைக் கணக்கு வராது. "ஹோல் பாடி, பாடி காம்போசிஷன்"னு டாக்டர் சீட்டுல எழுதியிருக்கணும், பண்ற எடத்துல போறதுக்கு முன்னாடியே போன் போட்டு அந்த வசதி இருக்கா, மேசை எத்தன கிலோ வரைக்கும் தாங்கும்னு ரெண்டையும் கேட்டுட்டுப் போங்க. மன்னார்குடிலேந்து பஸ் பிடிச்சு தஞ்சாவூரோ திருச்சியோ போய் திரும்பி வர்றது முட்டி வலி உள்ள பெரியவங்களுக்கு ஒரு நாள் பாடு.

ரிப்போர்ட் வந்தா அதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ரெண்டு கை ரெண்டு கால்ல உள்ள தசைய கூட்டி உயரத்தோட வர்க்கத்தால வகுப்பாங்க, டெக்ஸால ஆம்பளைங்களுக்கு 7.0, பொம்பளைங்களுக்கு 5.4க்குக் கீழ போனா குறைவு. 150 சென்டிமீட்டர், 78 கிலோ உள்ள ஒரு அம்மாவுக்கு கை கால் தசை 15 கிலோன்னு வைங்க. 15ஐ 2.25ஆல வகுத்தா 6.67, பாஸ். ஆனா 78 கிலோவ சுமக்குற உடம்புக்கு 15 போதுமா? அமெரிக்காவுல 2014ல வச்ச இன்னொரு கணக்குல அதே 15ஐ பிஎம்ஐயால வகுக்கிறாங்க, இந்த அம்மாவுக்கு பிஎம்ஐ 34.7, வகுத்தா 0.43, பொம்பளைங்களுக்கு எல்லை 0.512, ஆம்பளைங்களுக்கு 0.789. இப்ப ஃபெயில்! ஒரே ரிப்போர்ட், ஒரே உடம்பு. ஐரோப்பாவுல ஊட்டச்சத்து சங்கமும் பருமன் சங்கமும் சேந்து 2022ல சொன்னதும் இதே வழிதான், கனமானவங்களுக்கு முதல்ல பலத்தப் பாரு, அது குறைஞ்சிருந்தா தசைய எடைக்கு ஏத்த மாதிரி வகுத்துப் பாருன்னு. அதனால ரிப்போர்ட்ல "நார்மல்"னு போட்டிருந்தாலும் உயரத்தால வகுத்தாங்களா எடையால வகுத்தாங்களான்னு கேளுங்க.

சிடி ஸ்கேன்ல இடுப்புக்கு மேல மூணாவது முதுகெலும்பு மட்டத்துல தசைய துல்லியமா அளக்கலாம், ஆனா இதுக்காகன்னு சிடி எடுக்க வேணாம், வேற எதுக்காச்சும் எடுத்தது இருந்தா டாக்டர்கிட்ட காட்டிக் கேக்கலாம். ரத்தத்துல கிரியாட்டினின் தசைலேந்து வர்றது, ரொம்பக் கம்மியா இருந்தா "கிட்னி சூப்பரா இருக்கு"ன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி தசை கம்மியாலயும் அப்படி வரும்னு ஞாபகம் வச்சுக்குங்க. சந்தேகம்னா சிஸ்டாட்டின் சின்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, டாக்டர் முடிவு பண்ணட்டும்.

நோட்டு போட்டு வைக்கிறது

ஒரு தடவ அளந்து ஒண்ணும் ஆகாது. ஒரே ஆள், ஒரே டேப், ஒரே சேர், காலை நேரம். மூணு மாசத்துக்கு ஒரு தடவ போதும், ஞாபகம் இருக்கணும்னா பொங்கல், சித்திரை, ஆடிப்பெருக்கு, தீபாவளின்னு வச்சுக்குங்க, பண்டிகை அன்னிக்கே வேணாம், பலகாரமெல்லாம் அடங்கி ஒரு வாரம் கழிச்சு. அரை சென்டிமீட்டர் ஏறி இறங்குனா அது டேப் பிடிச்ச கையோட வித்தியாசம், பதற வேணாம்.

எடை கொறையுது, சேர் டெஸ்ட் நேரமும் கொறையுது, கெண்டைக்கால் கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்லன்னா போற பாதை சரி. எடை கொறையுது ஆனா சேர் நேரம் ஏறுதுன்னா கொழுப்போட தசையும் சேந்து கரையுது. ராத்திரி சாப்பாட்ட நிறுத்திட்டு ரெண்டு இட்லியோட படுக்குற பெரியவங்ககிட்ட இத நெறைய பாக்கலாம், இப்ப எடை குறைக்க ஊசி போட்டுக்கிறவங்களும் வர்றாங்க, அவங்களுக்கும் இதே கவனம் வேணும். எடை ஏறாம அப்படியே இருந்து சேர் நேரம் மட்டும் ஏறுறதுதான் வீட்ல யார் கண்ணுலயும் படாது, தராசு அதே நம்பரக் காட்டுறதால எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க.

ஒரு தலைமுறைக்கு முன்னாடி இந்த அம்மாமாருங்க இத எதையும் அளக்க வேண்டிய தேவையே இல்ல. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தா குறுவை நாத்துப் பறி, நடவு, களைன்னு குனிஞ்சு நிமுந்து சேத்துல கால இழுத்து இழுத்து நடந்த கால் அது. இப்ப மெஷின் நடவு, வீட்ல கிரைண்டர், வாசல்ல குழாய். வேணாம்னு சொல்ல வரல, அந்த வேலையெல்லாம் எவ்வளவு கஷ்டம்னு செஞ்சவங்களுக்குத் தெரியும், ஆனா காலுக்கு வேலை போன அப்புறமும் சாப்பாடு மட்டும் அதே மூணு வேளை சோறா நின்னு போச்சு.

யார்கிட்ட போறது

சார்க்-எஃப் 4ஓ அதுக்கு மேலயோ, இல்ல சேர் 12 செகண்டோ அதுக்கு மேலயோ, இல்ல கழிச்ச கெண்டைக்கால் எல்லைக்குக் கீழ, இதுல ரெண்டு வந்தா நோட்ட எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க, மாத்திரை சீட்டையும் கையோட கொண்டு போங்க. வெளிய போக முடியாத பெரியவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வர்றாங்க, 2021 ஆகஸ்ட்லேந்து நடக்குது, பிரஷர் சுகர் மாத்திரை மட்டும் இல்ல, தேவைப்பட்டா பிசியோதெரபியும் அதுல உண்டு, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரக் குடுத்து கேளுங்க.

புரோட்டீன் கூட்டுறதப் பத்தி எல்லாரும் கேப்பாங்க. பெரியவங்களுக்கு எடை ஒரு கிலோவுக்கு 1 கிராம்லேந்து 1.2 கிராம் வரைக்கும் நாளைக்கு வேணும்னு பொதுவா சொல்றாங்க, ஆனா கிட்னி கோளாறு இருந்தா இந்தக் கணக்கே மாறிடும், நம்ம டெல்டால சுகர் பல வருஷம் இருக்குறவங்க ஜாஸ்தி, அதனால பவுடர் டப்பா வாங்குறதுக்கு முன்னாடி கிரியாட்டினின் ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டிடுங்க. முயற்சியே பண்ணாம எடை தானா இறங்குனா, மூணு மாசத்துக்குள்ள ரெண்டு தடவ விழுந்தா, இல்ல ஒரு பக்க கை கால் மட்டும் பலம் கொறஞ்சா அடுத்த தடவ அளக்குற வரைக்கும் காத்திருக்க வேணாம். ஒரு பக்கம் பலம் போனது திடீர்னுன்னா அது பக்கவாதமா இருக்கலாம், அப்ப நோட்டத் தேடிக்கிட்டு நிக்காதீங்க, 108க்கு போன் போடுங்க.